அமெரிக்க வேட்டைக் கதைகளைப் படிப்பது எப்படி? கரடியை விடுங்கள், பேரேட்டைப் பாருங்கள்

வில்லியம் ஃபாக்னரின் 'தி பேர்' (The Bear, அதாவது கரடி) எதைப் பற்றியது என்று கேட்டால் கரடி, காடு, ஒரு பையன் ஆளாவது என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி ஆரம்பிக்கிறவர்கள் நான்காம் பகுதியில் மாட்டிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அங்கே கரடியைக் காணோம், காட்டையும் காணோம், பழைய கணக்குப் பேரேடுகளும் பக்கம் பக்கமாக முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடும் ஒரு வாக்கியமும்தான். என்னைக் கேட்டால் இந்த வகைக் கதைகளுக்குள் நுழைய வழியே அந்தப் பேரேடுதான். அமெரிக்க வேட்டைக் கதை எதை எடுத்தாலும் முதலில் அதில் ஒரு காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம், பத்திரம், குத்தகை, வரி பாக்கி, தோல் விலை, இப்படி ஏதோ ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் காடு ஏன் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர், 1823இல் வந்த 'தி பயனியர்ஸ்'. முழுசாகப் படிக்க வேண்டாம், நாவல் ரொம்ப மெதுவாக நகரும். மூன்று இடம் போதும். தொடக்கத்தில் ஒரு மான் விழுகிறது, சுட்டது ஊரையே சொந்தமாக வைத்திருக்கும் நீதிபதி டெம்பிளா, காட்டிலேயே வாழும் கிழ வேட்டைக்காரன் நாட்டி பம்போவா என்று தகராறு. நடுவில் வானத்தை மறைத்துப் பறக்கும் புறாக் கூட்டத்தை ஊரே திரண்டு சுடுகிறது, பீரங்கியைக்கூட இழுத்து வருகிறார்கள். நாட்டி தனக்கு வேண்டிய ஒரே ஒரு புறாவை மட்டும் சுட்டு எடுத்துக்கொண்டு போகிறான். (அந்தப் பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது.) மூன்றாவது, வழக்கு. தடைக்காலத்தில் மானைக் கொன்றதாக ஆரம்பித்த விவகாரம் அவனைச் சிறையில் கொண்டுபோய் விடுகிறது. காட்டைக் காப்பாற்றத்தான் சட்டம், மாட்டுவது காட்டை அழிக்காத ஒரே ஆள். இதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கூப்பரின் அப்பாவே நிலத்தை வாங்கி மனை பிரித்து விற்று ஊர் உண்டாக்கியவர். மகன் இரண்டு பக்கத்துக்கும் ஆதரவாகப் பேசித் தடுமாறுவது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அப்புறம் ஃபாக்னர். 'தி பேர்' 1942இல் வந்த 'கோ டவுன், மோசஸ்' புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது எந்த வடிவம் என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் 1955இல் அவர் தன் வேட்டைக் கதைகளைத் தொகுத்த 'பிக் வுட்ஸ்' புத்தகத்தில் நான்காம் பகுதியையே எடுத்துவிட்டார். தனிக் கதையாகப் படித்தால் அதைத் தாண்டிப் போகலாம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்களிடமும் சொன்னார். ஆசிரியரே சொன்னாலும் சரி, தாண்டாதீர்கள். தள்ளி மட்டும் வையுங்கள்.

வரிசை இப்படி, எல்லாமே அதே 'கோ டவுன், மோசஸ்' புத்தகத்துக் கதைகள்: முதலில் 'தி ஓல்ட் பீப்பிள்', பிறகு 'தி பேர்' 1, 2, 3, 5, அதன் பிறகு 4, கடைசியில் 'டெல்டா ஆட்டம்' (Delta Autumn, டெல்டாவின் இலையுதிர்காலம்). முதல் மூன்று பகுதிகளில் ஐக் மெக்காஸ்லின் என்ற பையன் பத்து வயதில் காட்டுக்கு வருகிறான். ஓல்ட் பென் என்ற, பொறியில் சிக்கிப் பாதம் சிதைந்த கிழக் கரடியைப் பார்க்க வேண்டுமானால் துப்பாக்கியை விட்டுவிட்டு வா என்கிறார் அவனுக்கு வேட்டை கற்றுத்தரும் சாம் ஃபாதர்ஸ். பையன் துப்பாக்கியை விடுகிறான், போதவில்லை. கைக்கடியாரத்தையும் திசைகாட்டியையும் விட்ட பிறகு, வழி தப்பி நிற்கும்போதுதான் கரடி கண்ணில் படுகிறது. இந்த இடத்தை அவசரப்படாமல் படியுங்கள், ஃபாக்னரின் உச்சம் இதுதான் என்பது என் கட்சி. வருடங்கள் கழித்து லயன் என்ற நாய் கரடியைப் பிடிக்கிறது, வேட்டைக் கூட்டத்தில் ஒருவனான பூன் ஹாகன்பெக் கரடியின் முதுகில் ஏறிக் கத்தியால் குத்துகிறான், உடம்பில் ஒரு காயமும் இல்லாத சாம் அதே நேரத்தில் சரிந்து விழுகிறார். ஐந்தாம் பகுதியில் காட்டுச் சொந்தக்காரரான மேஜர் டி ஸ்பெயின் மரம் வெட்டும் உரிமையை மெம்ஃபிஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார், தண்டவாளம் குவிந்து கிடக்கிறது. கையெழுத்துப் போட்டவர் இத்தனை வருடமாக அந்தக் காட்டில் முகாம் நடத்திய அதே வேட்டைக்காரர்.

இப்போது நான்காம் பகுதிக்கு வாருங்கள். ஒரு தாளில் மெக்காஸ்லின் வம்சாவளியைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளைக் கிளை, கறுப்புக் கிளை இரண்டையும். அடைப்புக்குறி திறந்தால் அது மூடுகிற இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு முதல் வாசிப்பில் உள்ளே இருப்பதைத் தாண்டுங்கள். மூச்சு முட்டினால் வாய்விட்டுப் படியுங்கள், வாக்கியம் தானாக வழிவிடும். விஷயம் இதுதான்: தாத்தா அடிமைப் பெண் யூனிஸ் மூலம் ஒரு மகளைப் பெற்று, பிறகு அந்த மகளிடமே ஒரு பிள்ளை பெற்றார் என்பதை ஐக் கண்டுபிடிக்கிறான். 1832 கிறிஸ்துமஸ் அன்று யூனிஸ் ஓடையில் மூழ்கிப்போனாள் என்று ஒரு வரி; தானே மூழ்கினாளா என்று அப்பாவும் சித்தப்பாவும் எழுத்துப்பிழையோடு பேரேட்டிலேயே வாக்குவாதம் செய்கிறார்கள். சிக்கசா என்ற பூர்வகுடித் தலைவனிடமிருந்து நிலம் வாங்கியதும் மனிதர்களை விலைக்கு வாங்கியதும் ஒரே குடும்பத்தின் கணக்கு. இருபத்தொரு வயதில் ஐக் அந்த நிலமே வேண்டாம் என்கிறான். சாம் ஃபாதர்ஸ் அதே சிக்கசா தலைவனின் மகன், தாய் அடிமை. காட்டை முழுக்கத் தெரிந்தவர் பெயரில் ஒரு அடி நிலம்கூட இல்லை. நிஜத்திலும் மிசிசிப்பி டெல்டாவில் 1902இல் தியடோர் ரூஸ்வெல்ட்டுக்குக் கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிக் கொடுத்தது அடிமையாகப் பிறந்த ஹோல்ட் காலியர்தான். ஜனாதிபதி சுட மறுத்தார், அதிலிருந்து டெடி பொம்மை வந்தது. காலியர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

'டெல்டா ஆட்டம்' கதையில் ஐக் கிட்டத்தட்ட எண்பது வயதுக் கிழவன், காட்டைத் தேடி 200 மைல் காரில் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு கவரில் பணம் கைமாறும். அந்தக் கவரைப் பேரேட்டோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், முடிவை நான் சொல்லப்போவதில்லை.

இதன் பிறகு ஜான் வில்லியம்ஸின் 'புட்சர்ஸ் கிராசிங்' (1960) சுலபமாகத் தெரியும். காட்டெருமைகளைக் கொன்று குவித்து, பனியில் சிக்கி, ஊர் திரும்பினால் தோலுக்குச் சந்தையே இல்லை.

லூயிஸ் எர்ட்ரிக்கின் 'டிராக்ஸ்' (1988) நாவலை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலே சொன்னதெல்லாம் காட்டுக்கு வந்து போகிறவர்களின் சோகம். இதில் ஒஜிப்வே என்ற பூர்வகுடிக் குடும்பங்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள், வரி கட்டாததால் நிலம் மரக் கம்பெனியிடம் போகிறது. ஐக் நிலம் வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை இதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வசதியான பெருந்தன்மையாகத்தான் படுகிறது.

நார்மன் மெய்லரின் 'ஒய் ஆர் வி இன் வியட்நாம்?' (1967) கடைசிக்கு இருக்கட்டும். அலாஸ்காவில் ஹெலிகாப்டர் வைத்து வேட்டை, காசு கம்பெனி அதிகாரியுடையது, நடை முழுக்க வசவு. பிற்பகுதியில் இரண்டு பையன்கள் ஆயுதங்களை விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடப்பார்கள். ஐக்கின் கைக்கடியாரமும் திசைகாட்டியும் தெரியாமல் அதைப் படித்தால் பாதி நக்கல் பிடிபடாது.