விகிதக் கணக்கில் எக்ஸ் எங்கே வரும்?

3:5 என்று பார்த்ததும் 3 பேர், 5 பேர் என்றே எடுத்துக்கொள்வதில்தான் பாதி மார்க் போகிறது. விகிதம் சொல்வது பங்கை மட்டும். ஒரு பங்கில் எத்தனை பேர் என்று தெரியாதவரை அதை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 3எக்ஸ், 5எக்ஸ்.

தேனி மாவட்டம் கம்பத்தில் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தோட்டத்தில் ஆண்களும் பெண்களும் 3:5. காய் எடுப்பு மும்முரமானதும் இன்னும் 6 ஆண்கள், 6 பெண்கள் வந்து சேர, விகிதம் 3:4 ஆகிவிட்டது. முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்?

அவசரக்காரர் 3+6, 5+6 என்று கூட்டி 9:11 எழுதிவிட்டு முழிப்பார். வந்த 6 பேர் ஆட்கள், 3 என்பது பங்கு. இரண்டையும் அப்படியே கூட்ட முடியாது. சரியான வரி இது:

(3எக்ஸ்+6) : (5எக்ஸ்+6) = 3 : 4

ஓரத்து இரண்டின் பெருக்கலும் நடு இரண்டின் பெருக்கலும் சமம். 4(3எக்ஸ்+6) = 3(5எக்ஸ்+6). அடைப்புக்குள் இருக்கிற 6-ஐயும் பெருக்க வேண்டும், அதை மறந்தால் எல்லாம் போச்சு. 12எக்ஸ்+24 = 15எக்ஸ்+18, எக்ஸ் = 2. இங்கேயே பேனாவை மூடிவிடாதீர்கள், கேட்டது ஆள் கணக்கு: 6 ஆண்கள், 10 பெண்கள். ஆறாறு கூட்டிப் பாருங்கள், 12:16, அதாவது 3:4.

பச்சை ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், காய்ந்து வந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 60 கிலோவுக்கு எவ்வளவு? 5:1 = 60:எக்ஸ், 12 கிலோ. இது சுலபம். அலகை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 800 கிராமுக்கும் 2 கிலோவுக்கும் விகிதம் 400:1 இல்லை, 2:5.

அப்புறம் ஆள்-நாள் கணக்கு. 16 பேர் 9 நாளில் முடிக்கிற காய் எடுப்பை 12 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பழக்கதோஷத்தில் 16:9 = 12:எக்ஸ் என்று போட்டால் ஆறே முக்கால் நாள் வரும். ஆள் குறைந்தால் வேலை சீக்கிரம் முடியுமா? கங்காணியிடம் சொன்னால் சிரிப்பார். எழுதுவதற்கு முன் ‘இது குறைந்தால் அது கூடுமா, குறையுமா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிராகப் போனால் பெருக்கல்தான் மாறாது: 16×9 = 12×எக்ஸ், 12 நாள்.

இதையே கொஞ்சம் முறுக்கித் தருகிறேன், போட்டுப் பாருங்கள். 16 பேரும் 3 நாள் வேலை பார்த்தபின் 4 பேர் ஊருக்குப் போய்விட்டால், மீதி வேலைக்கு எத்தனை நாள்? விடை 8.