பட்டவன் கல்லுக்கு விழா எடுக்கும் முறை

உசிலம்பட்டிப் பக்கம் சண்டையில் விழுந்தவனுக்கு நட்ட கல்லைப் பட்டவன் என்று கும்பிடுகிறோம். நான் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், “மாமா, நம்ம பட்டவனுக்கு விழா எடுக்கணும்” என்று இளந்தாரிகள் என்னிடம்தான் வருவார்கள். நான் முதலில் கேட்பது, பெயிண்ட் வாங்கிவிட்டீர்களா என்றுதான். வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். எனாமல் பூசினால் எழுத்தெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் கிட்டே வரக் கூடாது. வெறும் தண்ணீரும் மெதுவான பிரஷ்ஷும் போதும். இடுக்கில் இருக்கும் பாசிக்கு மூங்கில் சிம்பு. நன்றாகக் காய்ந்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில் மொட்டைக் கல்லாகத் தெரிவது அப்போது ஆளாகத் தெரியும். இருட்டிவிட்டால் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போலப் பிடியுங்கள்: ஓங்கிய வாள், ஒருபக்கம் சரிந்த கொண்டை, சில கல்லில் நெஞ்சில் தைத்த அம்பும் காலடியில் மாடும். பக்கத்தில் கை உயர்த்திய பெண் இருந்தால், அநேகமாக அவனோடு தீக்குளித்தவள். அவளுக்கும் ஒரு மாலை வாங்குங்கள்.

எழுத்து தெரிந்தால் சாக்பீஸ் போட்டு நிரப்ப வேண்டாம். படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள், கல்லை இடம் மாற்றாதீர்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் தோண்டுவதற்கு முன் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.

சரி, யாரோடு சண்டை? இதில்தான் ஊரில் தகராறு வரும். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து வெட்டிய நடுகல் ஒன்று கூடலூர் ஆகோளைச் சொல்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்ந்த சண்டை, பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆட்களுக்குள் நடப்பது. கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போனவனுக்கும் உண்டு. 1310-ஐ ஒட்டி மதுரை அரியணைக்குச் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதியபோதும் இரண்டு பக்கமும் நம் மண்ணின் ஆட்கள்தான். ஆகையால் பக்கத்து ஊருக்குத் தாம்பூலம் கொண்டுபோய் அழையுங்கள். எதிரில் நின்றவன் அவர்கள் ஊர்க்காரனாகவும் இருக்கலாம் அல்லவா? பிளக்ஸில் சாதிப் பெயர் போடவே கூடாது. கல்லில் இல்லாத ஒன்றை நாம் எழுதினால் அது நம்முடைய புளுகு, பட்டவனுடையது இல்லை. பெயர் தெரியாவிட்டால் ‘பட்டவன்’ என்று மட்டும் போடுங்கள். அதுவே பெரிய பட்டம்.

விழா அன்று பொங்கல் அடுப்பைக் கல்லில் இருந்து பத்தடி தள்ளி வையுங்கள், சூடு பட்டால் கல் பொரிந்துவிடும். சூடத்தைத் தட்டில்தான் கொளுத்த வேண்டும். எண்ணெய் சாத்தியே தீருவேன் என்கிற பாட்டிகளிடம் சண்டை போடாதீர்கள், முன்னால் ஒரு விளக்கு வைத்து அதில் ஊற்றச் சொல்லுங்கள். மௌன அஞ்சலி எங்கள் பட்டாளத்துப் பழக்கம். அதை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு உருமிக்காரரை விட்டுவிடுங்கள், பெண்கள் குலவை போடட்டும்.

அப்புறம், மைக் செட் வாடகை முதல் வாழை இலை வரை வரவு செலவை மறுநாளே டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருஷம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரி ஒரு பைசா தேறாது.