அலைக்கற்றைத் திட்டமிடல்: மொத்தக் கணக்கில் தொடங்கும் தவறுகள்

மொபைல் பிராட்பேண்ட் தேவை ஏறிக்கொண்டே போகிறது என்றதும் திட்டக்குழு முதலில் கேட்பது, “இன்னும் பத்து வருஷத்துக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை வேண்டும்?” என்பதைத்தான். கேள்வியே கோணல். எந்த பேண்ட் (அலைவரிசைப் பகுதி), எந்த இடத்தில், எந்த மணி நேரத்தில், இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் கூட்டிச் சொல்லும் மொத்த எண்ணை வைத்து ஒரு டவரைக்கூடத் திட்டமிட முடியாது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் போட்ட மதிப்பீடு, 2020-ல் 1280 முதல் 1720 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படும் என்றது. 2013-ல் அது 1340 முதல் 1960 வரை என்று மாறியது. 2020 வந்தபோது பல நாடுகளின் நெட்வொர்க்குகள் அதைவிடக் குறைந்த அலைக்கற்றையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. இதில் வியப்பில்லை. டேட்டா ஆண்டுக்கு 50 சதவீதம் வளர்ந்தால் பத்தாண்டில் சுமார் 58 மடங்கு. 20 சதவீதம் வளர்ந்தால் 6 மடங்கு. இவ்வளவு பெரிய இடைவெளியில் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கக் கூடாது. குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று வளர்ச்சி விகிதங்களில் கணக்குப் போட்டு, அளந்த டிராஃபிக்கை வைத்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவதே சரி.

மாதக் கணக்கை அப்படியே வகுப்பது

தேவையை ஒரு செக்டரிலிருந்து, அதாவது டவரின் ஒரு பக்க ஆன்டெனா சேவை தரும் பகுதியிலிருந்து, தொடங்கிப் பாருங்கள். ஒரு செக்டரில் 1000 வாடிக்கையாளர்கள், ஆளுக்கு மாதம் 20 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். இதை 30 நாள், 24 மணி நேரம் என்று சமமாகப் பரப்பினால் வருவது சுமார் 62 எம்பிபிஎஸ். ஆனால் மக்கள் அப்படிச் சமமாகப் பயன்படுத்துவதில்லை. ஒரு நாள் டிராஃபிக்கில் 8 சதவீதம் நெரிசல் மணி நேரத்தில் விழுந்தால், தேவை 119 எம்பிபிஎஸ் ஆகிவிடும். அதில் 90 சதவீதம் டவரிலிருந்து போனுக்கு வரும் டவுன்லிங்க் என்றால் 107.

இந்த 107-ஐ எதால் வகுப்பது என்பதில்தான் அடுத்த சறுக்கல். ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 20 பிட் என்ற உச்ச வேகத்தால் வகுத்தால் 5 மெகாஹெர்ட்ஸ் போதும் என்று வரும். அந்த வேகம் டவருக்கு அருகில், வேறு யாரும் இல்லாதபோது, நல்ல போனுக்குக் கிடைப்பது. செல்லின் (டவர் சேவை எட்டும் பரப்பின்) ஓரத்தில் இருப்பவர்களையும் பக்கத்து செல்லின் குறுக்கீட்டையும் சேர்த்தால், சாதாரண 4ஜி செக்டரின் சராசரி ஒரு ஹெர்ட்ஸுக்கு 2 பிட் அளவில்தான் நிற்கும். அப்படியானால் சுமார் 53 மெகாஹெர்ட்ஸ். செக்டரை 70 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் வாடிக்கையாளர் உணரும் வேகம் சட்டென்று சரியும் என்பதால் அதையும் கணக்கில் எடுத்தால் 76. அதே இடத்தில் பல ஆன்டெனாக்கள் கொண்ட மாசிவ் மைமோ வைத்துச் சராசரி 5 பிட் எட்டினால் 31 மெகாஹெர்ட்ஸ் போதும். ஆக, எந்த ஆன்டெனா, எத்தனை டவர் என்று முடிவு செய்யாமல் அலைக்கற்றையை மட்டும் தனியாகக் கணக்கிட முடியாது.

இன்னொன்று: நெட்வொர்க் முழுவதற்கும் சராசரி எடுக்காதீர்கள். டிராஃபிக்கின் பெரும்பகுதியைச் சிறு பங்கு டவர்களே சுமக்கின்றன. அந்த செக்டர்களைத் தனியாகப் பிரித்து மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டும்.

எல்லா மெகாஹெர்ட்ஸும் ஒன்றுதான் என்று எண்ணுவது

700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3500-க்குப் போனாலே தடையே இல்லாத வெளியில்கூட சிக்னல் இழப்பு 14 டெசிபல், அதாவது சுமார் 25 மடங்கு, கூடுகிறது. அங்கிருந்து 26 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னும் 17. சுவர், கண்ணாடி, மரம் தின்பது தனி. 26 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் 3250 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது என்று மொத்தக் கணக்கில் சேர்த்தால் பற்றாக்குறை மறைந்துவிட்டது போலத் தெரியும். கட்டடத்துக்குள் இருப்பவருக்கு அதில் பெரும்பாலும் எதுவும் போய்ச் சேராது. பரந்த இடத்தில் சேவை எட்ட 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ், நகரக் கொள்ளளவுக்கு 2 முதல் 7 கிகாஹெர்ட்ஸ் வரை, மைதானம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு அதற்கு மேல் என்று மூன்று கணக்கையும் தனித்தனியாக வைத்திருப்பதே நல்லது.

போனிலிருந்து டவருக்குப் போகும் அப்லிங்க்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டவர் பல பத்து வாட்களில் பேசும்போது, போன் பேசுவது பொதுவாக 200 மில்லிவாட்டில். அதனால் 3.5 கிகாஹெர்ட்ஸில் செல்லின் ஓரத்தில் முதலில் அறுந்துபோவது மேலே போகும் சிக்னல்தான். அதைத் தாங்க ஒரு தாழ்ந்த பேண்ட் கூடவே இருந்தாக வேண்டும்.

அண்டை வீட்டாரை விசாரிக்காமல் குடியேறுவது

அதிகச் சேதம் செய்யும் தவறு இதுதான். புதிய பேண்ட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்து பேண்டில் என்ன ரிசீவர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சி பேண்ட் (3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி) செயற்கைக்கோள் டிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் உள்ள எல்என்பி என்ற சிக்னல் பெருக்கி, விண்ணிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலுக்காக அகலமாகத் திறந்தே வைக்கப்பட்டது. அருகில் 3.5 கிகாஹெர்ட்ஸில் 5ஜி டவர் எழும்பினால் இரண்டு வகைக் கோளாறு வரும். டவரிலிருந்து கசிவது டிஷ்ஷின் பேண்டுக்குள்ளேயே விழலாம்; அதற்கு டவரில் ஃபில்டர் வேண்டும். டவரிலிருந்து கசிவே இல்லாவிட்டாலும், அதன் முக்கிய சிக்னலே எல்என்பியைத் திணறடித்து எல்லாச் சேனலையும் ஒருசேர இருட்டாக்கலாம். அதற்கு டிஷ்ஷில்தான் ஃபில்டர் போட வேண்டும். எது நடக்கிறது என்று ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்து அளக்காமல் டவரின் பவரைக் குறைத்துக்கொண்டே போவது வீண்.

அமெரிக்காவில் 2022 ஜனவரியில் விமான நிறுவனங்கள் எழுப்பிய பிரச்சினையும் இதே வகைதான். 5ஜிக்குக் கொடுத்த பகுதி 3.98 கிகாஹெர்ட்ஸில் முடிகிறது. விமானத்தின் உயரம் அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2-ல் தொடங்குகிறது. நடுவே 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தும், பழைய ஆல்டிமீட்டர்களின் ஃபில்டர் போதவில்லை என்ற அச்சத்தில் விமான நிலையங்களைச் சுற்றிச் சேவையைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. ஏலத்துக்கு முன்பே ரிசீவர்களைச் சோதித்து, மாற்றும் செலவு யாருடையது என்று எழுதி வைத்திருக்க வேண்டிய விஷயம்.

காலி செய்ய ஆகும் காலத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் ஏலம் 2017-ல் முடிந்தது. டிவி நிலையங்களை வேறு சேனல்களுக்கு மாற்ற 39 மாதம் ஒதுக்க வேண்டியிருந்தது.

நேரம் ஒத்துப்போகாத டிடிடி

ஒரே பேண்டில் இரண்டு ஆபரேட்டர்கள் டிடிடி முறையில் (அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி) இயங்கும்போது, ஒருவர் அனுப்பும் நொடியில் மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தால் டவரே டவரைச் செவிடாக்கும். எல்லோருக்கும் ஒரே ஃப்ரேம் அமைப்பு (எப்போது அனுப்புவது, எப்போது கேட்பது என்ற நேர ஒழுங்கு), பொதுவான நேரக் குறிப்பிலிருந்து 1.5 மைக்ரோ செகண்டுக்குள் கடிகாரம், ஜிபிஎஸ் போனால் என்ன செய்வது என்ற மாற்று ஏற்பாடு: இவை மூன்றும் உரிம நிபந்தனையிலேயே இருக்க வேண்டும். எல்லை தாண்டிய நாட்டோடும் இதைப் பேசி முடிக்க வேண்டும்.

துண்டு துண்டாகக் கொடுப்பதும் இழப்புதான். 5ஜியில் துணை அலைகளுக்கு நடுவே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியோடு 100 மெகாஹெர்ட்ஸ் ஒரே தொகுதியாக இருந்தால் டேட்டா அனுப்பப் பயன்படும் 273 ரிசோர்ஸ் பிளாக் (அலைக்கற்றையின் சிறு அலகு) கிடைக்கும். ஐந்து 20 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாக இருந்தால் 255 மட்டுமே. அவற்றைச் சேர்த்து இயக்கும் திறன் ஹேண்ட்செட்டிலும் இருக்க வேண்டும்.

பழைய நெட்வொர்க்கை அவசரமாக மூடுவது

2ஜி, 3ஜி அலைக்கற்றையை எடுத்து 4ஜி, 5ஜிக்குக் கொடுப்பது நல்ல வழி. ஆனால் சிம் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. மின் மீட்டர், கார்டு தேய்க்கும் இயந்திரம், லிஃப்டின் அவசர போன், வாகனக் கருவிகள் பலவும் 2ஜியில் தொங்கிக்கொண்டிருக்கும்; அவற்றின் ஆயுள் பத்தாண்டுக்கு மேல். இதைவிட ஆபத்தானது, சாதாரண அழைப்பை 4ஜியில் பேசிவிட்டு அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜிக்கு இறங்கும் போன் மாடல்கள். அவை தினமும் நன்றாக வேலை செய்வதாகவே தெரியும். மாடல் வாரியாகச் சோதனைக் கூடத்தில் அவசர அழைப்பு போட்டுப் பார்த்து, தோற்கும் மாடல்களின் உரிமையாளர்களுக்கு நேரடியாகச் சொல்லி, மாற்றுப் போன் சேர்ந்த பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும்.