தஞ்சைப் பெரிய கோயிலின் புகழ்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சைப் பெரிய கோயில் எதனால் புகழ்பெற்றது என்று எழுதப் புகுவோரில் பலர், விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின்) நிழல் தரையில் விழாது என்றே தொடங்குகின்றனர். காலையிலும் மாலையிலும் அந்நிழல் திருச்சுற்றில் நீண்டு கிடப்பதை எவரும் காணலாம்; கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் நாள்களின் நண்பகலில் மட்டும், மேலே செல்லச் செல்லக் குறுகும் அமைப்பினால், அது விமானத்தின் மீதே அடங்கிவிடுகிறது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இத்தகையதே. அது பல கற்களை இணைத்து அமைத்தது என்று கோயிலை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

வளாகத்தில் உள்ள அனைத்தையும் முதலாம் இராசராசன் பெயரில் எழுதிவிடுவது அடுத்த தவறு. அவன் 1010இல் நிறைவு செய்தது விமானத்தோடு கூடிய மூலக்கோயில். அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. நுண்ணிய வேலைப்பாடுடைய முருகன் சந்நிதியும் நந்தி மண்டபமும் நாயக்கர் காலத்தவை.

இவற்றைவிடப் பெரிய குறை, உயரத்தையும் எடையையும் சொல்லிவிட்டுக் கல்வெட்டுகளைக் கடந்து போவது. வியப்புக்கு உண்மையில் இடம் அங்குதான் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கான ஆடல் மகளிரின்) பெயர், அவர்களுடைய பழைய கோயில், தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட தெரு, வரிசையில் எத்தனையாவது வீடு என்பது வரை அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தலளவை) நெல் தரும் நிலப்பங்கு வழங்கப்பட்டது. மன்னனின் தமக்கை குந்தவை அளித்த கொடைகளும், குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரும் அரசனின் கொடைகளோடு அதே சுவர்களில் இடம்பெற்றுள்ளன. இத்துணை விரிவாகத் தன் பணியாளர்களைப் பதிந்துவைத்த கோயில் அரிது.

யுனெஸ்கோ 1987இல் இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்ததைப் புகழுக்குக் காரணமாகக் காட்டுவதும் பொருந்தாது. அது முன்பே இருந்த பெருமைக்குக் கிடைத்த ஏற்பு. கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய ஊர்களின் சோழர் கோயில்கள் 2004இல்தான் அப்பட்டியலில் சேர்ந்தன என்பதால், மூன்றுக்கும் ஒரே ஆண்டை எழுதக் கூடாது.

ஓவியங்களைக் குறிப்பிடும்போதும் கவனம் வேண்டும். கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் கண்டறிந்தவர் வரலாற்றறிஞர் எஸ். கே. கோவிந்தசாமி. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லாததால், நேரில் சென்றால் பார்க்கலாம் என்று வாசகருக்கு எழுதுவது அவரை ஏமாற்றத்தோடு திருப்பியனுப்பும்.