பருப்பு வேகுது, டீ கரிக்குது

போன வாரம் மண்டபத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். பிளம்பிங் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "அண்ணே, ஒரு வீட்டுல சாஃப்ட்னர் மாட்டியாச்சு. சோப்பு நுரைக்குது, பருப்பு நல்லா வேகுது. டீ மட்டும் கரிக்குதுங்கிறாங்க. மெஷின்ல கோளாறா?"

சாஃப்ட்னர் என்பது தண்ணீரின் கடினத்தை எடுக்கும் மெஷின். அதில் ஒரு கோளாறும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியத்தைத்தான் அவரும் செய்திருக்கிறார். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் போர், மோட்டார், ஹீட்டர், ஃபில்டர் என்று அலைகிறவன் நான். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களும், புதிதாக வீடு கட்டுகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே குழியில் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். குழாய்முனை வலையைக் கழட்டிக் கழுவுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கடினத்தையும் உப்பையும் ஒன்றாக நினைப்பது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். நம் பக்கம் குடிக்க லாயக்கில்லாத எல்லாத் தண்ணீருக்கும் 'சப்பைத் தண்ணீர்' என்று ஒரே பெயர். அங்கேயே குழப்பம் ஆரம்பிக்கிறது. கடினம் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம். சோப்பு திரிவதும், பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை பூப்பதும், பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் இவற்றின் வேலை. பருப்பில் இருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடும், அதனால் எத்தனை விசில் விட்டாலும் கல் மாதிரி நிற்கும். உப்பு என்பது சோடியம் குளோரைடு, நாக்கில் கரிப்பது அது. உள்நாட்டு ஊர்களில் கடினம் மட்டும் இருக்கும் போர்கள் உண்டு. நம் கடற்கரையில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

சாஃப்ட்னர் எப்படி வேலை செய்கிறது? உள்ளே ரெசின் என்று கடுகு மாதிரி மணிகள். தண்ணீர் அதன் வழியே போகும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். எடுத்துக்கொள்வது ஒன்று, கொடுப்பது இன்னொன்று, அவ்வளவுதான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் உள்ளே வரும். மொத்த உப்பு குறையாது.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஏர்வாடிக்குப் பக்கத்தில் அக்கா வீடு கட்டினாள். மச்சான் துபாயிலிருந்து பணம் அனுப்பினார், பொறுப்பு என் தலையில். போர்த் தண்ணீரில் டி.டி.எஸ். பேனாவை (கரைந்திருக்கும் மொத்தத்தை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் கருவி) தோய்த்தேன்: 2,400. "இதுக்கு என்ன வழி?" என்று மதுரையில் ஒரு கடையில் கேட்டேன். "சாஃப்ட்னர் போடுங்க, வீடு முழுக்க இனிப்பாயிடும்" என்றார்கள். 48,000 ரூபாய். டேங்கிலிருந்து இறங்கும் மெயின் பைப்பிலேயே மாட்டினேன். சமையலறை, குளியலறை, தோட்டம் எல்லாம் ஒரே லைன்.

முதல் நாள் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தலை பிசுபிசுக்கவில்லை, துவரம்பருப்பு மூன்று விசிலில் குழைந்தது. சாயந்திரம் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தேன். மச்சான் பணம் போட்ட டீ என்பதால் துப்பவும் முடியவில்லை. ஓடிப்போய் பேனாவைத் தோய்த்தேன். கிட்டத்தட்ட அதே 2,400.

அதோடு முடியவில்லை. சாஃப்ட்னர் தண்ணீரையே கொல்லைக்கும் விட்டோம். இரண்டு மாதத்தில் கறிவேப்பிலைச் செடியில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, கையால் தொட்டால் உதிர்ந்தது. மண் காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகி, ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. களிமண்ணில் சோடியம் ஏறினால் அப்படித்தான். பிடித்ததை விடுவிக்க ரெசினை உப்புக் கரைசலால் கழுவும்போது வெளியேறும் தண்ணீரையும் நான் அந்தப் பாத்தியிலேயே திருப்பி விட்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தென்னை மட்டும் தாங்கிக்கொண்டது.

அந்தக் கடைக்காரர் மேல் இன்றும் எனக்குக் கோபம் உண்டு. அதைவிட என் மேல்தான் அதிகம். பேனா காட்டும் எண் மொத்தம் கரைந்திருப்பதைச் சொல்லும், அதில் கடினம் எவ்வளவு என்று சொல்லாது. கடினத்துக்குத் தனிச் சோதனை இருக்கிறது. சொட்டு மருந்து விட்டு, கருஞ்சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினம் 200 என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000, 600 வரை போகலாம் என்கிறது. இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பேனாவும் கையில் இல்லையா? ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர், அதில் துணி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். (ஷாம்பு, சோப்புத்தூள், டிடர்ஜென்ட் கட்டி வேண்டாம், அவை கடினத் தண்ணீரிலும் நுரைக்கும்.) தயிர் திரிந்த மாதிரி மேலே மிதந்தால் கடினம். அப்புறம் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் உப்பு. இரண்டும் இருந்தால் சாஃப்ட்னர் குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும். குடிக்கவும் சமைக்கவும் உப்பையும் வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் அல்லது தெருக்குழாயில் வரும் காவிரித் தண்ணீர். செடிக்கு சாஃப்ட்னர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

அக்கா வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தேன். சமையலறைச் சுவரை உடைத்து, தனி பைப் இழுத்து. டைல்ஸ் அதே டிசைன் கிடைக்கவில்லை. இன்றும் மூன்று டைல்ஸ் வேறு நிறம்.

மழைக்காலத்தில் சோதிப்பது

கார்த்திகையில் எடுத்த எண்ணை நம்பி மெஷின் வாங்காதீர்கள். மேல் ஊற்றில் மழைத் தண்ணீர் கலந்து நல்ல பிள்ளையாகத் தெரியும். சித்திரையில் ஒருமுறை எடுங்கள்.

இன்னும் ஆழமாகப் போர் போடுவது

"அறுபது அடியில கரிக்குதா? நூத்தம்பதுக்கு இறக்கு" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். கடற்கரையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசு. மணலுக்குள் அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. தேரி மணலில் ஆள் உயரத்துக்குத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பும் பெண்களுக்கு இது எந்தப் பொறியாளரையும்விட நன்றாகத் தெரியும். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு அது இறங்கியிருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதே கணக்கில், பெரிய மோட்டாரைப் போட்டு உறிஞ்சி மேல் மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு 40 அடி வரைக்கும் ஏறப் பார்க்கும். சின்ன மோட்டார், விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒன்றரை எச்.பி. போட்டு ஒரே கோடையில் நல்ல கிணற்றைக் கெடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

படிகாரம்

கலங்கலைத் தெளிய வைக்கும். கடினத்தையோ உப்பையோ தொடாது.

கடினம் போகும் என்று பைப்பில் மாட்டும் காந்தம்

வாங்காதீர்கள்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது

பாதி உண்மை. பைகார்பனேட்டால் வந்த கடினம் கொதித்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். சல்பேட், குளோரைடால் வந்தது அப்படியே இருக்கும். கரிப்பு இன்னும் கூடும், தண்ணீர்தானே ஆவியாகிறது.

ஹீட்டரை உச்சத்தில் வைப்பது

சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். கம்பியைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டால் சூடு தண்ணீருக்குப் போகாது, கம்பி உள்ளேயே வெந்து வெடிக்கும். 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பாருங்கள். டேங்க் அரிக்காமல் தன்னைக் கொடுத்துக் காப்பது அதுதான். நம் தண்ணீரில் சீக்கிரம் கரைந்து, பென்சில் முனை மாதிரி ஆகிவிடும்.

கறைக்கு ஆசிட் ஊற்றுவது

கழிவறை ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே குழாயின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட்டையும் தின்னும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். ஷவருக்கு ஒரு வழி: வெந்நீர் ஒரு லிட்டரில் சிட்ரிக் ஆசிட் இரண்டு ஸ்பூன், பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஷவர் தலையில் கவிழாமல் ரப்பர் பேண்டால் கட்டித் தொங்க விடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓட்டையெல்லாம் திறந்துகொள்ளும்.

சாஃப்ட்னருக்கு உப்பளத்து உப்பு

மலிவுதான். ஆனால் சுத்தம் செய்யாத உப்பில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கும். ரெசினிலிருந்து கழுவப் பார்ப்பதையே திரும்ப உள்ளே போடுகிறீர்கள்.

காங்கிரீட்டுக்குப் போர்த் தண்ணீர்

கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. நாக்கில் நன்றாகக் கரிக்கும் தண்ணீர் பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும். லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

மண்டபத்துத் தம்பிக்கும் இதையெல்லாம் போனில் சொன்னேன். சமையலறைக்கும் தோட்டத்துக்கும் தனி லைன் பிரிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அண்ணே," என்றார், "டைல்ஸ் ஒட்டியாச்சே."