மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேசிய தரச்சான்று வாங்குவது எப்படி?

நீலகிரியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் மருத்துவரோ செவிலியரோ, முதல் மாதாந்திரக் கூட்டத்திலேயே "இந்த வருஷம் நம்ம பி.எச்.சி. என்.க்யூ.ஏ.எஸ். போகுது" என்பதைக் கேட்டுவிடுவார். கையில் ஒரு தடித்த செக்லிஸ்ட் வரும். எங்கே தொடங்குவது என்று தெரியாது. பெரும்பாலும் அடுத்து நடப்பது என்னவென்றால், ஏற்கெனவே சான்று வாங்கிய ஏதோ ஒரு சமவெளி நிலையத்திலிருந்து கோப்புகளைப் பென்டிரைவில் வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அச்செடுப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் செவிலியராக இருந்துகொண்டு மற்ற நிலையங்களின் தயாரிப்பிலும் உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் முதல்முறை தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன சான்று?

என்.க்யூ.ஏ.எஸ். என்பது தேசிய தர உறுதித் தரநிலைகள். மத்திய சுகாதார அமைச்சகம் இவற்றை 2013-ல் கொண்டுவந்தது. முதலில் மாவட்ட மருத்துவமனைகளுக்கு, அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும். எல்லாம் 8 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: தரும் சேவைகள், நோயாளி உரிமைகள், கட்டடம் ஆள் கருவி மருந்து போன்ற உள்ளீடுகள், துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவுகள். படுக்கை வசதியும் பிரசவமும் உள்ள நிலையத்துக்கு 6 செக்லிஸ்ட்: புறநோயாளி, லேபர் ரூம், உள்நோயாளி, ஆய்வகம், தேசிய சுகாதாரத் திட்டங்கள், பொது நிர்வாகம்.

ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் 2, 1 அல்லது 0. முழுதாக இருந்தால் 2, அரைகுறை என்றால் 1, இல்லவே இல்லை என்றால் 0. 100 கேள்வி என்றால் மொத்தம் 200. அதில் 146 வாங்கினால் 73 சதவீதம். ஒட்டுமொத்தமாக 70 சதவீதம் தாண்ட வேண்டும். அதோடு முடியாது, பிரிவுகளுக்கும் முக்கியத் தரநிலைகளுக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச அளவு உண்டு. லேபர் ரூமில் அள்ளிக் குவித்துவிட்டு ஆய்வகத்தில் கோட்டை விட்டால் சான்று கிடைக்காது. கிடைத்தால் 3 வருஷம் செல்லும்.

படி 1: வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

செக்லிஸ்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் தனி ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல, ஒரு பகுதியின் பொதுச் சுகாதாரத் துறைக்கே அங்கீகாரம் தருகிறார்கள். அதற்கான வாரியம் 2007-ல் அமைந்தது; 2013 பிப்ரவரியில் முதல் 11 துறைகள் அங்கீகாரம் பெற்றன. அங்கே ஒரு துறை முதலில் தன் பகுதி மக்களின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று அந்த மக்களோடு சேர்ந்தே ஆய்வு செய்து, அதைச் சரிசெய்யும் திட்டத்தையும் எழுதியிருக்க வேண்டும். நம் செக்லிஸ்ட் இதை இவ்வளவு அழுத்திக் கேட்பதில்லை. ஆனாலும் நாம் இதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

மலையில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு, சமவெளியில் 30,000. அந்த 20,000 பேர் எங்கே இருக்கிறார்கள்? படுகர்களின் ஊர்களான ஹட்டிகள், எஸ்டேட் லைன் வீடுகள், தோடர் குடியிருப்புகளான மந்துகள், கூடலூர் பக்கம் என்றால் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகள். கிராம சுகாதார செவிலியரையும் சுகாதார ஆய்வாளரையும் உட்கார வைத்து ஒரு சார்ட்டில் வரையச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து நடந்து வர வேண்டும், எங்கே சாயங்காலத்துக்கு மேல் யானை நடமாட்டம், மழையில் எந்தச் சாலை முதலில் மூடும், எந்தக் குடியிருப்பில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை பாக்கி என்று எல்லாம் அதில் வரட்டும். மதிப்பீட்டாளர் பின்னால் கேட்கப்போகும் பல கேள்விகளுக்கு இந்த ஒரு சார்ட்டே பதில் சொல்லும்.

படி 2: குழு

மருத்துவ அலுவலர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், பகுதி சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், கட்டாயமாகத் தூய்மைப் பணியாளர். கடைசியாகச் சொன்னவரை நிறைய இடங்களில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தொற்றுத் தடுப்பில் பாதி மதிப்பெண் அவர் கையில்தான். மாதம் ஒரு கூட்டம், தேதியோடு மினிட்ஸ், வந்தவர்கள் கையெழுத்து. அவ்வளவு போதும்.

படி 3: நீங்களே மதிப்பெண் போடுங்கள்

செக்லிஸ்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எப்படிச் சரிபார்ப்பது என்று இருக்கும். நேரில் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, ஆவணம் பார்ப்பது, நோயாளியிடம் கேட்பது என்று 4 வழிகள். மேஜையில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். அறை அறையாக நடந்து போடுங்கள். செவிலியர் ஆய்வகத்துக்குப் போடட்டும், ஆய்வக நுட்புநர் லேபர் ரூமுக்குப் போடட்டும். தன் அறைக்குத் தானே போடும்போது கை தாராளமாகிவிடும். முதல் ஸ்கோர் 45, 50 என்று வந்தால் கவலை வேண்டாம். உண்மையான 48-ஐ வைத்துக்கொண்டு 75-க்குப் போக முடியும்; பொய்யான 82-ஐ வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

வந்த குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். நாமே இந்த வாரம் சரிசெய்யக்கூடியவை, நோயாளர் நலச் சங்க நிதியில் முடிபவை, மாவட்டத்துக்கு எழுத வேண்டியவை. சாய்தளம், கூரை ஒழுகல், ஜெனரேட்டர் எல்லாம் மூன்றாவது வகை. அவற்றுக்கு முதல் நாளே கடிதம் போகட்டும், மலையில் கட்டட வேலை மழைக்கு முன்னால் முடிந்தால்தான் உண்டு. அலுவலகப் பிரதியைக் கோப்பில் வையுங்கள்.

ஏற்கெனவே காயகல்ப் என்ற மருத்துவமனைத் தூய்மை விருதுத் திட்டத்தில் 70 சதவீதம் எடுத்த நிலையம் என்றால், சுத்தம், கழிவு, தொற்றுத் தடுப்பு ஆகியவற்றில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எடுக்கவில்லை என்றால் அதையே முதலில் முடிப்பது நல்லது.

படி 4: எஸ்.ஓ.பி. எழுதுவது

எஸ்.ஓ.பி. என்றால் ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதிவைக்கும் குறிப்பு. நகல் கோப்பு நம்மைக் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். உதாரணத்துக்கு, நீராவியால் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை எடுத்துக்கொள்வோம். சமவெளி எஸ்.ஓ.பி.யில் "15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி" என்று இருக்கும். ஆனால் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அதனால் முள் அதே 15-ல் நின்றாலும் உள்ளே வெப்பம் 117 டிகிரி அளவில்தான் இருக்கும். 121 வேண்டும் என்றால் முள் கிட்டத்தட்ட 18, 19-க்கு வர வேண்டும். 1,000 அடிக்கு அரை பவுண்டு கூட்டு என்பது பொதுக் கணக்கு. குன்னூர் உயரத்துக்கு 3 பவுண்டு போல வரும். வெப்பத்தையே அளந்து ஓடும் புதிய இயந்திரத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை; பிரஷர் குக்கர் மாதிரிப் பழைய இயந்திரம் இருக்கும் இடங்களில்தான் பார்க்க வேண்டும். நாமே வால்வைத் திருகக் கூடாது. மருத்துவ உபகரணப் பொறியாளரை எழுத்து மூலம் அழைத்து, இந்த உயரத்துக்கு எவ்வளவு அழுத்தம், எத்தனை நிமிடம் என்று அவரிடம் எழுதி வாங்கி, அதையே எஸ்.ஓ.பி.யில் போடுங்கள். வெளியே ஒட்டும் டேப்பில் கோடு கறுத்தால் பேக் சூட்டைப் பார்த்தது என்று மட்டுமே அர்த்தம். பேக்கின் உள்ளே வைக்கும் இண்டிகேட்டர் பட்டைதான் வெப்பமும் நேரமும் போதுமானதா என்று சொல்லும். அதை ரெஜிஸ்டரில் ஒட்டி வையுங்கள்.

தண்ணீரில் கொதிக்க வைப்பதும் அப்படியே. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்க வைப்பது எங்குமே முழுக் கிருமி நீக்கம் ஆகாது, இங்கே இன்னும் குறைவு.

அடுத்தது தடுப்பூசி. குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் நிறுவனம் இருக்கும் மாவட்டம் இது. இதில் நாம் தவறவே கூடாது. தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் இரண்டு வேளை குறிக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். "இங்கதான் குளிராச்சே, ஊசிக்கு என்ன ஆகப்போகுது" என்ற நினைப்புதான் ஆபத்து. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.டி. போன்றவை உறைந்தால் வீணாகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் குந்தா பக்கம் முகாமுக்கு எடுத்துப் போகும்போது, ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடனே கேரியரில் அடுக்கக் கூடாது. குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும், அப்புறம்தான் அடுக்க வேண்டும். குளிர்காலத்தில் அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால், முகாம் நாளில் எத்தனை மணிக்கு எடுத்து வெளியே வைப்பது என்பதையும் உங்கள் எஸ்.ஓ.பி.யில் எழுதுங்கள்.

பிளீச்சிங் பவுடர் மழைக்காலத்தில் கட்டிதட்டி வீரியம் இழக்கும். காற்றுப் புகாத டப்பா, திறந்த தேதி, குறைந்த அளவு கொள்முதல். திரவமாக 5 சதவீத ஹைப்போகுளோரைட் வருகிறது என்றால் 1 பங்கு மருந்துக்கு 4 பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல்.

மருத்துவக் கழிவைப் பிரித்துப் போட மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலத் தொட்டிகளை எல்லோரும் வைத்துவிடுகிறார்கள். 2016 விதிகளின்படி சுத்திகரிக்காத கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. மண்சரிவால் வண்டி வராத நாளில் என்ன செய்வீர்கள், யாருக்குத் தகவல் சொல்வீர்கள்? அந்த ஒரு பத்தியை எழுதியிருக்கும் நிலையத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொதுச் சுத்திகரிப்பு ஆலையின் வண்டி வரவே முடியாத தொலைதூர இடத்தில் மட்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு ஆழக்குழி அனுமதி உண்டு. குழி 2 மீட்டர் ஆழம், மண் அரிப்பு இல்லாத இடம். நம் சரிவுகளில் அப்படி ஓர் இடம் கிடைப்பதே கடினம். கீழே யாருடைய ஊற்று இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படி 5: பயிற்சி

பயிற்சி என்றால் பவர்பாயிண்ட் அல்ல. காலை 10 நிமிடம், ஒரே ஒரு விஷயம், செய்து காட்டுவது. ரத்தம் சிந்தினால் என்ன செய்வது, கை கழுவும் முறை, ஊசி குத்திவிட்டால் முதலில் என்ன, தீயணைப்பான் எப்படிப் பிடிப்பது. நைட் டூட்டி செவிலியரை விட்டுவிடாதீர்கள். கரண்ட் போன இரவில், பிரசவம் நடக்கும்போது, ஆக்சிஜன் எங்கே, டார்ச் எங்கே, 108 வரத் தாமதமானால் யாரைக் கூப்பிடுவது என்று ஒத்திகை பாருங்கள்.

அறிவிப்புப் பலகைகளைத் தமிழோடு படங்களாகவும் வையுங்கள். கூடலூர், பந்தலூரில் மலையாளமும் தேவைப்படும். படிக்கத் தெரியாத பாட்டிக்கு மருந்து வாங்கும் இடம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நோயாளி உரிமைக்குச் சரியான சோதனை.

படி 6: எண்கள்

மாதாமாதம் குறியீடுகளைக் கணக்கிட வேண்டும்: உற்பத்தித் திறன், செயல்திறன், சிகிச்சைப் பாதுகாப்பு, சேவைத் தரம் என்று நான்கு வகை. நோயாளி கருத்துப் படிவத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். புகார் வந்தால் என்ன செய்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் "வேலை முடிஞ்சு வந்தா டாக்டர் இல்லை" என்று எழுதியிருந்தால், அது ஸ்கோரைவிட முக்கியமான செய்தி.

படி 7: மாவட்டம், மாநிலம், தேசியம்

உங்கள் சொந்த மதிப்பெண் 70-ஐத் தாண்டிய பிறகு மாவட்டக் குழு வந்து பார்க்கும். அப்புறம் மாநில மதிப்பீடு. அதிலும் தேறினால் மாநிலம் வழியாக விண்ணப்பம் டெல்லியில் உள்ள தேசிய சுகாதார அமைப்புகள் வள மையத்துக்குப் போகும். அவர்கள் வெளிமாநில மதிப்பீட்டாளர்களை அனுப்புவார்கள். தமிழ் தெரியாதவர்கள் வரலாம் என்பதால், கிராம சுகாதார செவிலியர் சொல்வதை நேர்மையாக மொழிபெயர்க்கும் ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பதிலைச் செவிலியரே சொல்லட்டும், மருத்துவர் குறுக்கே பேச வேண்டாம்.

அன்றைக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று எஸ்.ஓ.பி.யை எடுத்துக் காட்டினால் அதுவே நல்ல பதில். முன்தேதியிட்டு ரெஜிஸ்டர் எழுதுவது மட்டும் கூடவே கூடாது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மூன்று மாத வெப்பநிலை எல்லாம் 4 டிகிரி என்று இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

முழுச் சான்று கிடைக்கலாம், நிபந்தனையோடும் கிடைக்கலாம். நிபந்தனை என்றால் குறித்த காலத்துக்குள் சரிசெய்து ஆதாரம் அனுப்ப வேண்டும். சான்று வந்த பிறகு வருஷா வருஷம் மாநிலக் குழு கண்காணிக்க வரும். அதற்குத் தயாராக நாமே சரிபார்க்க நான் வைக்கும் தேதிகள் இரண்டு. கூடலூர் பக்கம் என்றால் மே கடைசியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன். கோத்தகிரி, குன்னூர் என்றால் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன். அந்த வாரத்தில் 6 செக்லிஸ்டையும் மறுபடி எடுத்து, அறை மாற்றி மதிப்பெண் போடுங்கள்.