சோலார் பேட்டரி: வாங்குமுன் யூனிட்டுக்கு என்ன விலை என்று பாருங்கள்

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடி. 3 கிலோவாட் பேனல், நெட் மீட்டர் (லைனுக்குக் கொடுப்பதையும் லைனிலிருந்து எடுப்பதையும் அளக்கும் மீட்டர்), எல்லாம் சரி. கீழே 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி, அதாவது லெட் ஆசிட் வகை, நான்கு, பெட்டி பிரிக்காமல். "ராத்திரிக்கும் சேத்து வெச்சுக்கிட்டா ஈ.பி. பில்லே வராதுல்லண்ணா?" என்றார் அந்த வீட்டுத் தம்பி. காட்பாடியில் முதன்முதலாக சோலார் போட்டபோது நான் சொன்ன அதே வார்த்தை. சுருக்கென்றது.

வயரிங், எர்த்திங் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். பேட்டரியில் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பில் குறையும் என்று பேட்டரி வாங்குவது

12 வோல்ட், 150 ஏ.எச். என்றால், பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 1.8 யூனிட். நான்குக்கு 7.2. இது லேபிள் கணக்கு. டியூபுலரைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் போய்விடும். ஆக, ராத்திரிக்குக் கையில் வருவது 3.6 யூனிட்தான். அதற்கே பகலில் நாலரை யூனிட் போல ஏற்ற வேண்டும். மிச்சம் சூடாகவே போய்விடுகிறது.

இதே மாதிரி நான்குக்கு நான் கொடுத்தது 64,000 ரூபாய். ஓடியது ஏறக்குறைய 900 ராத்திரி. மொத்தம் 3,240 யூனிட். வகுத்துப் பாருங்கள், யூனிட் கிட்டத்தட்ட 20 ரூபாய்! 2022-இல் கட்டணம் ஏறியபோது, இரண்டு மாதத்தில் 1,000 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கே, தாண்டிய யூனிட்டுக்கு 11 ரூபாய்தான். அப்போது முதல் 100 யூனிட் இலவசம் வேறு.

நெட் மீட்டர் இருந்தால் பகலில் லைனுக்குக் கொடுத்த யூனிட், ராத்திரி எடுத்ததில் கழிந்துவிடும். எனக்குப் பேட்டரி விற்றவர் இதை அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. லித்தியம் என்றாலும் இதே கணக்குதான்: ஒரு தடவைக்கு எத்தனை யூனிட் எடுக்கலாம், எத்தனை தடவை தாங்கும், இரண்டையும் பெருக்கி விலையை வகுங்கள். லித்தியம் அதிகத் தடவை தாங்கும், ஆழமாகவும் இறக்கலாம். ஆனாலும் வகுக்காமல் வாங்காதீர்கள்.

ஷீட்டுக்கு அடியில் வைப்பது

என்னுடையவை மாடியில் ஷீட் கொட்டகையில் இருந்தன. மூன்றாவது சித்திரையில் பக்கமெல்லாம் உப்பி, டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிட்டது. 25 டிகிரிக்கு மேல் பத்து டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேலூர் வெயிலுக்குக் கீழ்வீட்டில், நிழலும் காற்றும் உள்ள மூலைதான் சரி.

பழையதோடு புதியதைக் கோப்பது

வேண்டாம். புதியதும் போகும்.

கரண்ட் கட்டை மறப்பது

பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார் (ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுவது), லைன் போனால் உச்சிவெயிலிலும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் பேட்டரி வேண்டும். இரண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு ஒன்று போதும்.

அந்தத் தம்பியின் அம்மாவுக்கு ராத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பெட்டி பிரிக்காததால் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.